குழாய்க்கு அந்தப் பக்கம்

மூன்று ரூபாய் ஆறணா. ரங்கநாயகி அம்மாள் காத்தானுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அவ்வளவுதான். மூன்று ரூபாய் கூலி, ஆறணா புதுக் கம்பிக்கு. அந்த அம்மாள் இறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. காத்தான் அந்தப் பணத்தை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்வார்கள்.

நான்கு நாளாக விடாத ஐப்பசி மழை. ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதி வீடுகளுக்குப் பின்னாலிருந்த சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. சுவர்களெல்லாம் ஊறிக் கறுத்து, கை வைத்தால் சுண்ணாம்பு கையோடு வந்தது. மணி நாலுதான் இருக்கும், ஆனால் சந்துக்குள் விளக்கு வைக்கிற நேரம் போல இருட்டிக்கொண்டு வந்தது. தலையில் போட்டிருந்த சாக்கை விலக்கிவிட்டு காத்தான் அந்த அம்மாள் வீட்டின் கொல்லைச் சுவரைப் பார்த்தான். பார்த்தவன் நின்றுவிட்டான்.

தகரக் குழாயின் வாயைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சுவர் உலர்ந்து கிடந்தது.

மழை அந்த இடத்திலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. விழுந்த துளி கீழே வழியவில்லை. ஒரு கணம் பொட்டாக நின்று, ஓரம் சுருங்கி, காணாமல் போயிற்று. குழாய்க்குக் கீழே இருந்த கரியடுப்பில் ஒரு வருஷமாக யாரும் நெருப்பு வைக்கவில்லை. அடுப்புக்குள் தவளை ஒன்று உட்கார்ந்திருந்தது. காற்று அந்தப் பக்கமாக அடித்திருக்கும், சாரல் படாத மூலையாக இருக்கும் என்று காத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டே, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பதற்காகத் தலையைத் தூக்கினான். காற்றே இல்லை.

அந்த அடுப்பையும் குழாயையும் அந்த அறையையும் போட்டது ரங்கநாயகி அம்மாளின் வீட்டுக்காரர். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெரிய வேலை பார்த்து ரிடையர் ஆனவர். மழைக்காலத்தில் மடித் துணி உலராமல் மனைவி படுகிற பாட்டைப் பார்த்து யோசித்துச் செய்தது. விடியற்காலையில் நனைத்துப் பிழிந்து உயரக் கொடியில் போட்ட துணியை, அது காய்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. வேற்றாள் கை பட்டுவிட்டால் மறுபடியும் நனைக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் ஒரு துணி காய மூன்று நாள் ஆகும், பூஞ்சை பிடித்த ஈரத் துணியைத்தான் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால் அவர் கொல்லையில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை கட்டி, மேலே மூங்கில் கொடி போட்டு, வெளியே சந்தில் அடுப்பு வைத்து, அடுப்பின் சூடு மட்டும் ஒரு தகரக் குழாய் வழியாகச் சுவரைத் துளைத்து அறைக்குள் போகும்படி செய்தார். கரி போடுகிறவர்கள் சந்தோடு நின்றுவிடலாம். உள்ளே மடி கெடாது.

வசதிதான். ஆனால் காய்கிற துணியிலிருந்து பஞ்சுப் பிசிறு உதிர்ந்துகொண்டே இருக்கும். அடுப்பு அணைந்திருக்கும்போது அது குழாய்க்குள் இறங்கி, சுவருக்குள் குழாய் திரும்புகிற முழங்கையில் மெத்தை மாதிரி படிந்துவிடும். அடுப்பிலிருந்து ஒரு பொறி அதில் பட்டால் போதும். அதனால் வருஷா வருஷம் மழைக்கு முன்னால் அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று பெரியவர் சாகும்போதுகூடச் சொல்லிவிட்டுப் போனாராம். அந்த வேலைக்கு வந்தவன்தான் காத்தான். பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் வருவான். மூங்கில் பிளாச்சின் நுனியில் கம்பிக் கொக்கி கட்டி, கொக்கியில் சாக்குத் துணியைப் பந்தாகச் சுற்றிக் குழாய்க்குள் விட்டு இழுப்பான். ஆறு வருஷம் வந்தான். ஒரு தடவைகூட அந்த அறையை உள்ளே பார்த்ததில்லை. அந்த அம்மாளின் முகத்தையும் சரியாகப் பார்த்ததில்லை.

குரல் மட்டும் தெரியும்.

வேலை முடிந்ததும் அவன் வெளிப்பக்கக் குழாய் வாயில் முறத்தால் விசிறுவான். உள்ளே அந்த அம்மாள் குழாய்க்கு அந்தப் பக்கத்து வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள்.

"காத்து வருதாம்மா?" என்று அவன் குழாய்க்குள் கேட்பான்.

"வரது" என்று குழாய் பதில் சொல்லும். அந்தச் சொல் தகரத்தில் உருண்டு, ஈரத் துணி வாசனையோடு அவன் முகத்தில் வந்து படும்.

ஐந்து வருஷம் அப்படித்தான் நடந்தது. ஆறாவது வருஷம்தான் சாக்குப் பந்து கொக்கியோடு கழன்று முழங்கையில் மாட்டிக்கொண்டது.

அவன் அன்றைக்கு ஒரு மணி நேரம் போராடினான். வெளியிலிருந்து இழுக்க முடியவில்லை. உள்ளேயிருந்து கையை விட்டால் ஒரு நிமிஷத்து வேலை. உள்ளே எட்டு மடித் துணி கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் உள்ளே போனால் எட்டையும் மறுபடி நனைக்க வேண்டும். அந்த அம்மாள் அதற்குச் சம்மதிக்க மாட்டாள் என்று அவனே நினைத்துக்கொண்டான். கேட்கவில்லை. காலையிலிருந்து மூன்று வீட்டில் வேலை பார்த்து முதுகு விட்டுப்போயிருந்தது. கடைசிப் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. முறத்தை எடுத்து விசிறினான்.

"காத்து வருதாம்மா?"

உள்ளே உள்ளங்கை தகரத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு, "வரலையேப்பா, காத்தான்."

அவன் நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டு சொன்னான்: "அடுப்பு மூட்டினா தானா இழுக்கும்மா."

"நெஜமாவா?"

"ஆமாம்மா. சுத்தமாயிருச்சு."

"சரி. நான் மடியா இருக்கேன், காசைத் தொடப்படாது. மூணு ரூபா ஆறணாதானே? நாளைக்கு வந்து வாங்கிண்டு போ."

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டு வேலைக்காரி பவுனம்மாள் வழக்கம்போல ரெண்டு கூடை கரி போட்டு அடுப்பை மூட்டினாள். யாராவது தெரியாமல் வந்து துணியைத் தொட்டுவிடாமலிருக்க, அந்த அம்மாள் வழக்கம்போல அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டாள். தச்சன் வந்து கதவை உடைக்கும்போது உள்ளே எல்லாம் எரிந்து முடிந்துவிட்டிருந்தது. போலீஸ் வந்து கேட்டபோது காத்தான், "சுத்தம் பண்ணினேங்க, காத்து வருதுன்னு அம்மாவே சொன்னாங்க" என்றான். கரியை அளவுக்கு மேல் போட்டுவிட்டாள் என்று பழி பவுனம்மாள்மேல் விழுந்தது.

பவுனம்மாள் பாலக்கரையில் காத்தான் இருக்கும் அதே வரிசையில்தான் குடியிருந்தாள். இன்றைக்கு மத்தியானம் அவன் மூங்கில் பிளாச்சைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது குழாயடியில் குடத்தோடு நின்றவள் கேட்டாள்:

"என்ன அண்ணே, கூலி வேணாமுன்னு சொல்லிட்டு சீரங்கம் வேலைக்குப் போறியாமே. பெருமாளுக்கே கடன் குடுக்கப் போறியா?"

"பழைய வீடு புள்ள. அந்தம்மாவுக்காவ."

"எனக்குத்தான் ஒரு வீட்டுலயும் அடுப்புப் பக்கம் விட மாட்டேங்குறாங்க. வீட்டைக் கொளுத்துனவளாம்." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "ரெண்டு கூடைதான் போட்டேன். என் புள்ளைங்க மேல சத்தியமா ரெண்டே கூடை. நீயாச்சும் நம்புறியா?"

"நம்புறேன்."

"அந்தக் குழாயில எம் பேரு மாட்டிக்கிட்டுக் கெடக்கு, அண்ணே. கெடைச்சா எடுத்துட்டு வா."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவன் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டுகிற வரைக்கும் அந்தச் சிரிப்பைக் கழற்ற முடியவில்லை.

கூலி வேண்டாம் என்று அவன் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ரங்கநாயகி அம்மாளின் பிள்ளை தேசிகன் பம்பாயிலிருந்து வந்து வீட்டை விற்க ஏற்பாடு செய்திருந்தார். நேற்று ஆளனுப்பிக் காத்தானைக் கூப்பிட்டு, வாசலில் நிற்க வைத்துப் பேசினார்.

"நாளன்னிக்கு மேஸ்திரி வந்து குழாயைக் கழட்டப் போறான். வாங்கறவா பிடிவாதமா இருக்கா, எப்படித் தீப்பிடிச்சதுன்னு தெரிஞ்சாகணுமாம். நீதானே சுத்தம் பண்ணுவே? உள்ளே என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காதுங்க சாமி. சாம்பல்தான் இருக்கும். மேஸ்திரி எதுக்குங்க? நாளைக்கே நான் வந்து சுத்தமா எடுத்துத் தந்துடுறேன். கூலி வேணாம்."

தேசிகன் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். "அம்மா உனக்கு ஏதாவது பாக்கி வெச்சிருக்காளா? போனவா பேர்ல ஒருத்தர் கடனும் இருக்கப்படாதுன்னு எல்லாரையும் கேட்டுண்டிருக்கேன்."

"ஒண்ணும் இல்லீங்க சாமி."

"நன்னா யோசிச்சுச் சொல்லு."

"இல்லீங்க."

மூன்று முறுக்கு முறுக்கி நுனியை உள்ளே மடக்கிய கம்பிக் கொக்கி அந்தக் குழாய்க்குள் கிடந்தது. சாக்கு எரிந்திருக்கும். கம்பி எரியாது. அப்படி முறுக்குகிறவன் அந்த ஊரில் காத்தான் ஒருத்தன்தான் என்பது மேஸ்திரிக்குத் தெரியும், பவுனம்மாளுக்கும் தெரியும். இன்றைக்குள் அதை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

தேசிகன் சாவியைக் கொடுத்துவிட்டு வக்கீலைப் பார்க்கத் தென்னூருக்குப் போயிருந்தார். வீட்டில் யாருமில்லை.

காத்தான் பிளாச்சைக் குழாய்க்குள் விட்டான். தகரம் தொட்டுப் பார்க்க வெதுவெதுப்பாக இருந்தது. பகல் வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தான். நான்கு நாளாக வெயில் இல்லை என்று உடனே நினைவு வந்தது. பிளாச்சு முழங்கை வரைக்கும் போய் எதிலோ மெத்தென்று முட்டிக்கொண்டது. கொக்கி சிக்கவில்லை. இழுத்தான், திருகினான், மறுபடி குத்தினான். போன வருஷத்தைப் போலவேதான். அதே இடம். அதே முதுகு வலி. மழை பிடரியில் இறங்கிச் சட்டைக்குள் போயிற்று.

உள்ளேயிருந்து கையை விட்டால் ஒரு நிமிஷம்.

பிளாச்சையும் முறத்தையும் அடுப்பின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான். வாசற்படியில் கால் ஒரு கணம் தயங்கியது. யாருமில்லாத வீட்டில் தயங்குவதை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது. முற்றத்தைத் தாண்டி, துளசி மாடத்தின் மேல் சாக்கு நுனி படாமல் ஒதுங்கி, அறை வாசலுக்கு வந்தான். உடைந்த கதவுக்குப் பதிலாகப் புதுக் கதவு மாட்டியிருந்தார்கள். சாத்தாமல் அகலத் திறந்து வைத்துவிட்டு உள்ளே நுழைந்தான்.

அவன் ஆறு வருஷமாக மனசுக்குள் கட்டி வைத்திருந்த அறை பெரியது. இது சின்னது. நான்கு எட்டு வைத்தால் எதிர்ச்சுவர். சுவரெல்லாம் கரி அப்பியிருந்தது, மேலே கொடி மூங்கில் பாதி கருகி வெறுமனே கிடந்தது. தரையைக் கழுவிவிட்டிருந்தாலும் புகை வாசனை போகவில்லை. அதற்கும் அடியில் இன்னொரு வாசனை இருந்தது. பிழிந்து உதறின துணியின் வாசனை. எதிர்ச்சுவரில் மார்பு உயரத்தில் குழாயின் வாய் வட்டமாக, கறுப்பாகத் திறந்திருந்தது.

அந்த வாயில்தான் அந்த அம்மாளின் உள்ளங்கை ஒட்டியிருந்ததாகப் பவுனம்மாள் சொன்னாள். கதவுப் பக்கம் ஓடாமல் அங்கே ஏன் போய் நின்றாள் என்று யாருக்கும் புரியவில்லையாம். காத்தானுக்குப் புரிந்தது. காற்று வருகிறதா என்று பார்த்திருக்கிறாள்.

அவன் வாய்க்கு நேராகப் போய் நின்று, சட்டைக் கையை மடித்துவிட்டு, கையை உள்ளே விட்டான்.

சாம்பலை எதிர்பார்த்த விரல்களில் பஞ்சு பட்டது.

இழுத்துப் பார்த்தான். வெள்ளை வெளேரென்று, மெல்லிசாக, இன்றைக்கு உதிர்ந்த மாதிரி பிசிறு. எரிந்த குழாய்க்குள், ஒரு வருஷமாகத் துணியே போடாத அறையில். கீழே உதறிவிட்டு மறுபடி கையை விட்டான். இன்னும் பஞ்சு. கை நிறைய எடுத்துப் போட்டான், மறுபடி கை நிறைய வந்தது. காலடியில் அது குவியலாக உயர்ந்தது. வியர்த்தது. ஒன்றும் யோசிக்காதே, கம்பியை எடு, வெளியே போ என்று வாய் முணுமுணுத்தது. குழாய் திரும்புகிற இடம் வரை கையை விட்டு, தோளைச் சுவரோடு அழுத்தி, கன்னம் கரியில் தேய, விரலை நீட்டினான்.

கம்பி.

மூன்று முறுக்கு. விரல் நுனியால் எண்ணினான். அவன் முறுக்கியதுதான். மூச்சு விட்டான். ரெண்டு விரலில் பிடித்து மெதுவாக இழுத்தான். வந்தது. ஒரு சாண் வந்தது.

பின்னால் ஒரு சொட்டு விழுந்தது.

கூரை ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டான். இன்னொரு சொட்டு. கல் தரையில் பட்டுத் தெறிக்கிற சத்தம். பிறகு இன்னொன்று, வேறொரு இடத்தில். பிறகு நாலைந்து இடத்தில், வரிசையாக, நெருக்கமாக. கூரை அப்படி ஒழுகாது. பிழிந்து போட்ட துணிதான் அப்படிச் சொட்டும்.

அவன் திரும்பவில்லை. கம்பியை இழுத்தான்.

கம்பி நின்றது.

இன்னும் பலமாக இழுத்தான். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ அதைப் பிடித்திருந்த மாதிரி ஒரு கணம் இறுகி நின்றது. பிறகு நிதானமாக, அவசரமில்லாமல், அவன் விரலை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

சந்தில் முறம் அடித்துக்கொண்டது.

பட், பட், பட். அந்தச் சத்தத்தை அவன் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டதே இல்லை. ஆனால் தெரிந்தது. அவனுடைய முறம். ஓரத்தில் பிய்ந்து, ஒவ்வொரு வீச்சுக்கும் கடைசியில் ஒரு சின்னக் கிறீச்சு வரும். பட், கிறீச். பட், கிறீச். யாராவது தெருப் பிள்ளைகளாக இருக்கும். மழையில் ஏது பிள்ளைகள்?

"பவுனம்மா?" என்றான். "புள்ள, நீயா?"

முறம் நின்றது.

"காத்து வரதா?"

குழாய் கேட்டது. அந்தக் குரல் தகரத்தில் உருண்டு வந்து, ஈரத் துணி வாசனையோடு அவன் முகத்தில் பட்டது. ஆறு வருஷமாக அவனுக்கு நன்றாகத் தெரிந்த குரல். அதில் கோபமில்லை. வேலை நடந்துகொண்டிருக்கும்போது கேட்கிற மாதிரிதான் கேட்டது.

காத்தானின் கை குழாய் வாயின் ஓரத்திலேயே இருந்தது. எடுக்க வேண்டும் என்று நினைத்தான். எடுக்கவில்லை.

"காத்தான். கையை வெச்சுப் பாரு. காத்து வரதா?"

முறம் மறுபடி விசிறியது. பட், கிறீச். அவன் உள்ளங்கையைக் குழாய் வாயில் வைத்தான். ஏன் வைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. கேட்டால் வைக்க வேண்டும். வேலை முறை அது. உள்ளங்கையில் ஒன்றும் படவில்லை. ஒரு மூச்சுக்கூட இல்லை.

வருகிறது என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்னால் ஒருவேளை விட்டுவிடுவாள். நாக்கு அந்தச் சொல்லின் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தது. போன வருஷம் போலீஸிடம் சொன்னது. தேசிகனிடம் சொன்னது. பவுனம்மாளிடம் இன்றைக்கு மத்தியானம் சொன்னது. வாய் முழுக்கக் கரி கசந்தது.

"வரலைம்மா" என்றான்.

சொட்டுகள் நின்றன. மழையும் நின்ற மாதிரி இருந்தது.

"அடைச்சுக்கிட்டிருக்கும்மா. நான்தாம்மா விட்டேன். என் சாக்குதாம்மா. தெரிஞ்சேதான் விட்டேன். பவுனம்மா ரெண்டு கூடைதான் போட்டுச்சு. ரெண்டே கூடைதான்."

குழாய் கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்டுக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது.

பிறகு, எங்கோ பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் பேசுகிற அலுப்போடு, நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டு பேசுகிற மாதிரி, அந்தக் குரல் சொன்னது:

"அடுப்பு மூட்டினா தானா இழுக்கும்."

காத்தான் திரும்பினான்.

கொடி நிறையத் துணி தொங்கியது. வெள்ளை ஒன்பது கஜங்கள், எட்டு, ஒன்றையொன்று தொடாமல் வரிசையாக, தரைக்கு ஒரு சாண் மேலே வரை. அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும். நுனியிலிருந்து நீர் சொட்டி, தரையில் ஓடி, அவன் கால் விரலைத் தொட்டது. துணிகளுக்கு நடுவே விரல் அகலத்துக்கு இடைவெளி. அந்த இடைவெளியில் முற்றத்து வெளிச்சம் தெரிந்தது. துளசி மாடம் தெரிந்தது. கதவு திறந்தே இருந்தது.

நாலு எட்டு. கையால் ஒதுக்கினால் போதும்.

கை எழும்பியது. துணிக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது.

ஐம்பது வருஷமாக அந்தக் கை கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். தோளைக் குறுக்கினான். சட்டை நுனி படாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டான். குனிந்து போகலாம் என்று பார்த்தான். ஒரு சாண் இடைவெளியில் குழந்தைதான் போகும். துணி லேசாக அசைந்து அவன் பக்கம் வந்தது. அவன் பின்வாங்கினான். இன்னும் கொஞ்சம் அசைந்தது. இன்னும் பின்வாங்கினான். முதுகு சுவரில் முட்டியது. குழாய் வாய் அவன் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

கணீரென்று ஏதோ தகரத்தில் உருண்டது.

வெளியே தாழ்ந்தும் உள்ளே உயர்ந்தும் போகிற குழாய் அது. உருள்கிறது எதுவானாலும் சந்துப் பக்கம்தான் உருள வேண்டும். இது மேட்டில் ஏறி வந்தது. முழங்கையில் ஒரு கணம் தயங்கி, திரும்பி, வாயிலிருந்து அவன் காலடியில் பஞ்சின்மேல் விழுந்தது. ஒரு ரூபாய். விழுந்த இடத்தில் பஞ்சு பழுப்பாகிச் சுருண்டது.

இன்னொன்று உருண்டது. ரெண்டு ரூபாய்.

அவன் எண்ணினான். எண்ணாமலிருக்கத் தெரியவில்லை.

மூன்று.

நாலணா ஒன்று. சின்னச் சத்தம்.

கடைசியாக ரெண்டணா. சதுரக் காசு, உருளாது. அது தகரத்தைக் கீறிக்கொண்டு, நின்று நின்று, நெடுநேரம் ஏறி வந்தது.

"சரியா இருக்கா? எண்ணிப் பாத்துக்கோ."

சரியாக இருந்தது.

"இனிமே நமக்குள்ள ஒண்ணும் பாக்கியில்லை."

சந்தில் கூடையைக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. கரி சரிந்து அடுப்பில் விழுந்தது. ஒரு கூடை. பிறகு இன்னொன்று. ரெண்டே கூடை. ஈரச் சந்தில், மழைக்கு நடுவில், ஒரு தீக்குச்சி ஒரே கிழிப்பில் பற்றிக்கொண்டது.

எட்டுத் துணியிலிருந்தும் ஆவி மெல்ல எழும்ப ஆரம்பித்தது. இடைவெளிகளில் முற்றம் மங்கி, துளசி மாடம் மங்கி, பிறகு வெள்ளை மட்டும் இருந்தது. காத்தான் அதில் எதன்மேலும் படாமல், கால்களை ஒடுக்கி, தோள்களைக் குறுக்கி, சுவரோடு சுவராக நின்றான். அவன் வலது உள்ளங்கை குழாயின் வாயில் இருந்தது.

காற்று வர ஆரம்பித்தது.